மட்டக்களப்பு 'ஏஜெண்டர் துரை' கையில் உண்மையில் என்ன இருந்தது? பதிவுகளை எங்கே தேடுவது?

வாவிக்கரை:
வணக்கம். 19ஆம் நூற்றாண்டில், பிரித்தானியர் காலத்தில், இலங்கையின் கிழக்கு மாகாணத்தை ஆண்ட அரசாங்க அதிபர்களைப் (Government Agent) பற்றி ஒரு கட்டுரைக்குத் தகவல் தேவை. ஊரில் அவரைத்தான் ஏஜெண்டர் துரை என்பார்கள், ஏஜெண்டர் துரை என்றால் குட்டி ராசா என்ற மாதிரித்தான் கதைப்பார்கள். அது எவ்வளவுக்குச் சரி? அடுத்தது, 1850களில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நடந்த நெல்வரி, குளத்து வேலைகளை அம்பாறை என்ற தலைப்பில் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. ஏன்?

கச்சேரிக்கறையான்:
பிந்தின கேள்விக்கு முதலில் பதில். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முன் பொத்துவில் வரை எல்லாம் மட்டக்களப்புதான். அதனால் மாவட்டப் பேரில் தேடாமல் பற்றுப் (மாவட்டத்தின் உட்பிரிவு) பேரில் தேடுங்கள்: கரைவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பாணமை. வடக்கே தமன்கடுவையும் 1873இல் வடமத்திய மாகாணம் உண்டாகும்வரை கிழக்கோடுதான் இருந்தது. பழைய மாகாணக் கணக்கை இன்றைய எல்லைக்குள் போட்டால் பிழைக்கும்.

இன்னொரு இடறலும் உண்டு. 1833இல் நாட்டை ஐந்து மாகாணமாகப் பிரித்தபோது கிழக்கின் அரசாங்க அதிபர் இருந்தது திருகோணமலையில். மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி (அதிபரின் அலுவலகம்) நடத்தியவர் உதவி அதிபர். நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைமையிடம் இங்கே வந்தது. ஆகவே 1850இல் ஒரு குளத்துக் கட்டு உடைந்திருந்தால், உதவி அதிபர் திருகோணமலைக்கு எழுதியிருப்பார், அதிபர் கொழும்பில் குடியேற்றச் செயலாளருக்கு (Colonial Secretary), ஆளுநர் தேவைப்பட்டால் லண்டனுக்கு. ஒரே விசயம் நாலு இடத்தில் கிடக்கும். லண்டனுக்குப் போனவை அங்கே கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகத்தில் சி.ஓ. 54 (CO 54) வரிசை. 1867 முதல் ஆண்டுதோறும் அச்சான நிர்வாக அறிக்கைகளைக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம், கியூவில் என்றால் சி.ஓ. 57. அச்சறிக்கையில் துரை தன்னைக் கொஞ்சம் வெள்ளையடித்துக் காட்டுவார். அதே ஆண்டு அவர் எழுதிய அலுவல் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

பேர்களும் கவனம். ஆங்கில எழுத்தில் ழ, ள, ட, த எல்லாம் குழம்பிக் கிடக்கும். வாயால் உரத்து வாசித்தால்தான் பாதி ஊர் பிடிபடும். கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. அதற்கு முன்னால் கோட்டை இருக்கிற புளியந்தீவிலிருந்து தெற்கே கரையோரமாகப் போகிற துரை வாவியைத் தோணியில்தான் தாண்டியிருப்பார்.

களவெட்டி:
அதிகாரம் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லையே. குட்டி ராசா என்பது பாதி சரி. வரி, முடிக்காணி (அரசுக் காணி), உப்பு, தெரு, குளம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கினால் அவருக்குக் கண்ணும் காதும் வன்னியனார், உடையார், விதானை என்ற உள்ளூர்த் தலைமைக்காரர்தான். எந்தக் காணி யாருடையது, எவ்வளவு விதைத்தது என்று சொல்வது அவர்கள். பெரிய போடிமாரின் (வயற்சொந்தக்காரரின்) உறவுக்காரரும் அவர்கள். துரையின் கையெழுத்துக்குக் கீழே உள்ள எண்ணைத் துரை எண்ணியதாக நினைக்க வேண்டாம்.

நெல்வரியை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். பொதுவாக விளைச்சலில் பத்தில் ஒன்று. அமானியாக அரசே தண்டலாம், அல்லது ஏலத்தில் குத்தகைக்குக் கொடுக்கலாம். கச்சேரிக்குக் குத்தகைதான் வசதி, ஏலத்தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். வில்லங்கம் களவெட்டியில், அதாவது சூடடிக்கிற களத்தில். குத்தகைக்காரன் வந்து மதிப்புப் போடாமல் நெல்லை அசைக்க முடியாது. சூடு வைத்து (கதிரைக் குவித்து), மாடு விட்டு மிதித்து, பொலி தூற்றக் காத்திருக்கையில் அவன் மூன்று நாள் பிந்தினால், அந்த இடையில் ஒரு மழை போதும், நெல் களத்திலேயே முளைக்கும். அந்தப் பயத்தில் வெள்ளாமைக்காரன் பத்தில் ஒன்றுக்கு மேலேயே ஒத்துக்கொள்வான். கச்சேரிக் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இராது.

1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இதை நிலையான பண வரியாக்கியது. களவெட்டித் தொல்லை குறைந்தது, ஆனால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் காணி ஏலம். மலைநாட்டில் வலப்பனைப் பக்கம் இப்படிக் காணி இழந்தவர்களின் கதையை வெளியில் கொண்டுவந்தவரே நுவரெலியா உதவி அதிபர் லெ மெசூரியர்தான். 1892இல் ஆளுநர் ஹெவ்லொக் காலத்தில் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

இறக்காமத்தான்:
களவெட்டி அண்ணன் சொன்னது சரி, தண்ணீரையும் சேர்க்க வேணும். 1832இல் இராசகாரியம் (அரசுக்குச் செய்யும் கட்டாய ஊழியம்) ஒழிந்தது. நல்ல காரியந்தான். ஆனால் குளக்கட்டுக்கு மண் போடுகிற ஊர்க்கட்டாயமும் அதோடு போயிற்று. தன் பங்குக்கு வராதவனைத் தண்டிக்க ஆளில்லை. அதைச் சரிக்கட்ட வந்ததுதான் ஆளுநர் ஹென்றி வாட் கொண்டுவந்த 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதிபர் வயற்காரரைக் கூட்டுவார், அவர்கள் ஒத்துக்கொண்டால் பழைய வழக்கம் சட்டமாகும்: எப்போது விதைப்பு, எவன் எத்தனை முழம் வேலி, வாய்க்கால் துப்புரவு யாருக்கு. இறக்காமம், அம்பாறைக் குளங்களில் வாட் அக்கறை காட்டியதும் இந்தக் காலத்தில்தான். தேடுபவர் 1856 முதல் 1860 வரையான கோப்புகளை முதலில் எடுக்கட்டும்.

தெருவேலையை இதோடு கலக்க வேண்டாம். அது 1848ஆம் ஆண்டுச் சட்டம், 18 முதல் 55 வயது ஆண்களுக்கு ஆண்டுக்கு ஆறு நாள், அல்லது காசு.

வாவிக்கரை:
மிச்சம் நன்றி. ஆளாளாகப் பேர் தேடுகிறவர்களுக்கு யாரிலிருந்து தொடங்கலாம்? பழைய கணக்கில் உள்ள பவுணை (பிரித்தானியப் பணம்) ரூபாயாக்குவது எப்படி?

கச்சேரிக்கறையான்:
ஜே. டபிள்யூ. டபிள்யூ. பேர்ச். கிழக்கு மாகாண அதிபராக இருந்துவிட்டு 1870இல் சிங்கப்பூர் போனவர், 1875இல் மலாயாவின் பேராக்கில் கொல்லப்பட்டார். மலேசியப் பக்கம் அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், இங்கே இருந்த காலத்தைப் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

பவுண் கணக்கு: 1872இலிருந்து ரூபாயும் சதமும். தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங், ஆகவே பவுணுக்குப் பத்து ரூபாய். 1870களிலேயே வெள்ளி விலை இறங்க ரூபாயும் இறங்கத் தொடங்கியது, அதன் பிறகு அந்தப் பத்தைப் போட்டுப் பெருக்க வேண்டாம். அவணத்தை ஏக்கராக்கும் வேலையும் வேண்டாம். அது நெல் அளவும், விதைக்கிற நிலத்தின் அளவும். பற்றுக்குப் பற்று மாறும். கோப்பில் அவணம் என்றிருந்தால் கட்டுரையிலும் அவணம் என்றே விடுங்கள்.