ஜீனர் பேரியரா, ஐசோலேட்டரா? ஹெக்ஸேன் டேங்க் வயரிங்

குன்னூர்_இன்ஸ்ட்ருமென்ட்:
எங்கள் பக்கம் வாசனை எண்ணெய் எடுக்கும் ஒரு ஆலையில் ஹெக்ஸேன் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) டேங்குக்கு லெவல் டிரான்ஸ்மிட்டர் (மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி) போடுகிறோம். டேங்குக்குள் ஜோன் 0, அதாவது தீப்பற்றும் ஆவி எப்போதும் இருக்கும் இடம்; அதனால் தீப்பற்ற வைக்காத அளவுக்கு மின்சக்தியைக் கட்டுப்படுத்திய 'இஎக்ஸ் ஐஏ' கருவி. கன்ட்ரோல் ரூமில் பழைய ஜீனர் பேரியர் (அதிக வோல்டேஜ் வந்தால் எர்த்துக்குத் திருப்பிவிடும் தடுப்பு) பேனல் இருக்கிறது, அதில் இடமும் காலி. நான் இரண்டு பக்கச் சர்க்யூட்டையும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரிக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் கேட்கிறேன், மேனேஜர் விலையைப் பார்க்கிறார். நீலகிரிப் பாறையில் எர்த் பிட் தோண்டி மாசி, பங்குனியில் அளந்து பாருங்கள், பேரியர் எர்த்துக்குக் கேட்கும் ஒரு ஓமுக்குள் வருவது லேசில்லை. அப்புறம் பேரியரை எதை நம்பிப் போடுவது?

பைக்காரா_பவர்:
ஒரு ஓம் கணக்கு மண்ணுக்கு இல்லை தம்பி. பேரியர் எர்த் பாரிலிருந்து டிரான்ஸ்பார்மர் நியூட்ரலை எர்த் செய்த இடம் வரை போகும் ஒயருக்குத்தான் அது. ஃபால்ட் கரன்ட் நியூட்ரலுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுங்கள், 50 மீட்டருக்குக் கால் ஓம்கூட வராது. பாறையை ஏன் குறை சொல்கிறீர்கள்?

கோத்தகிரி_செல்வி:
சார், கணக்கு சரி. அந்த ஒயர் அடுத்த வருஷமும் இறுக்கமாக இருக்குமா? ஐப்பசி மழை முடிந்து பேனலைத் திறந்தால் லக்கில் (ஒயர் முனையில்) பச்சை பூத்திருக்கும். வேறு வேலைக்கு வந்தவர் எர்த் போல்ட்டைத் தளர்த்திவிட்டுப் போனாலும் டிரான்ஸ்மிட்டர் ஒழுங்காக 4-20 மில்லியாம்ப் சிக்னல் காட்டிக்கொண்டுதான் இருக்கும். பாதுகாப்பு போனது ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்? ஐசோலேட்டரின் பாதுகாப்பு அந்த ஒயரை நம்பி இல்லை.

பைக்காரா_பவர்:
எர்த் ஒயரை இரண்டாக இழுத்தால் லூப்பாக அளந்து பார்க்கலாம், ஆய்வு எதற்கு இருக்கிறது? பேரியருக்குள் ஃபியூஸ், ரெசிஸ்டர், ஜீனர் தவிர ஒன்றுமில்லை. அப்புறம், ஐசோலேட்டர் போட்டால் இடியைத் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தாங்காது. சித்திரை, வைகாசியில் இங்கே விழும் இடிக்கு, திடீர் வோல்டேஜை எர்த்துக்கு விடும் சர்ஜ் அரெஸ்டர்தான் வேண்டும்.

குன்னூர்_இன்ஸ்ட்ருமென்ட்:
அரெஸ்டர் உண்டு, டேங்கின் பக்கத்திலேயே, ஜோன் 0 எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குள். சிக்கலே அங்கேதான். அரெஸ்டர் 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டில் நிற்காது, அதனால் அந்த லூப் அங்கேயே எர்த் ஆனதாகத்தான் எடுக்க வேண்டும். பேரியர் போட்டால் பேனலிலும் ஒரு எர்த். ஒரே ஐஎஸ் லூப்புக்கு (மின்சக்தி கட்டுப்படுத்திய சர்க்யூட்டுக்கு) இரண்டு எர்த் ஆகிவிடும், இரண்டுக்கும் வோல்டேஜ் வித்தியாசம் வராமல் இடையில் தடித்த பாண்டிங் கேபிள் இழுக்க வேண்டும். டேங்க் சரிவில் கீழே, கன்ட்ரோல் ரூம் மேலே. ஐசோலேட்டர் என்றால் எர்த் டேங்கில் மட்டும்தான்.

வோல்டேஜையும் பாருங்கள். 28 வோல்ட், 300 ஓம் பேரியர் ஃபியூஸோடு சேர்ந்து சுமார் 340 ஓம். 20 மில்லியாம்பில் 6.8 வோல்ட் அதிலேயே போகும், பிஎல்சியின் (சிக்னலை வாங்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டரின்) 250 ஓமில் இன்னொரு 5. 24 வோல்ட் சப்ளையில் மிச்சம் 12.2. என் கருவிக்குக் குறைந்தது 12 வேண்டும். கேபிளுக்கு என்ன மிஞ்சும்? சப்ளையைக் கூட்டலாமா என்றால் 26-ஐத் தாண்டினால் ஜீனர் கசிய ஆரம்பிக்கும், ஃபியூஸ் போனால் பேரியரையே மாற்ற வேண்டும்.

பைக்காரா_பவர்:
சரி, இந்த லூப்புக்கு ஐசோலேட்டரே போடுங்கள். அதன் வெளியீட்டு வோல்டேஜ், கரன்ட், பவர் மூன்றும் டிரான்ஸ்மிட்டர் சான்றிதழில் உள்ளதைத் தாண்டக் கூடாது, கேபிள் கெபாசிட்டன்ஸையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் பழைய பேனலைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் ஓடும் மற்ற லூப்புகளின் எர்த் ஒயரைக் கடைசியாக யார் அளந்தது?