மறு: டிஎன்ஏ மாதிரிக்கு 'சிதைவு' வேண்டாம், 'நைவு' என்போமே

வணக்கம்.

டிஎன்ஏ மாதிரி துண்டு துண்டாக அறுந்துபோவதை (ஆங்கிலத்தில் degradation) தமிழில் என்னவென்பது என்ற கேள்விக்கு 'சிதைவு', 'தரக்குறைவு', 'அழிவு' என்று வந்த மூன்று பதில்களையும் பார்த்தேன். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தினமும் ஜெல் (டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் களி) ஓட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றும் எனக்கு ஒட்டவில்லை.

தரக்குறைவை எடுங்கள். அறுந்துபோன மாதிரி ஒன்றுக்கு நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சும் அளவை வைத்துத் தூய்மை பார்க்கும் கருவி) 260/280 விகிதம் 1.8 பக்கமாக வந்தால் புரதக் கலப்பு அதிகமில்லை என்று திருப்திப்படுகிறோம். அதே மாதிரியை ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் விட்டுப் பாருங்கள். மாதிரியை ஊற்றும் குழியான கிணற்றுக்குச் சற்றுக் கீழே இறுக்கமாக நிற்க வேண்டிய பட்டையைக் காணோம், அடிவரைக்கும் மங்கலாக இழுபட்டுக் கிடக்கிறது. தூய்மைக்கு ஒரு குறையுமில்லை, நீளம்தான் போய்விட்டது. 'தரம் குறைந்தது' என்று அறிக்கையில் எழுதினால் வாசிக்கிற டொக்டர் கலப்படம் என்றல்லவா நினைப்பார்?

அழிவும் சரிவராது. அந்த மாதிரியிலேயே 100 மூலச்சோடி (டிஎன்ஏ நீளத்தை எண்ணும் அலகு) நீளத் துண்டை பிசிஆர் என்ற பிரதியெடுக்கும் முறையில் பெருக்கிவிடலாம், 400 கேட்டால்தான் கைவிரிக்கும். சிதைவு பரவாயில்லை, ஆனால் சடலத்துக்கும் அதே சொல். 'சிதைந்த உடலின் சிதைந்த மாதிரி' என்று தடயவியல் அறிக்கையில் எழுதிப் பாருங்கள்.

என் முன்மொழிவு 'நைவு'. பழைய வேட்டி நைந்துபோனால் துணி இல்லாமல் போய்விடுவதில்லை, இழைதான் அங்கங்கே இற்றுப்போகிறது. டிஎன்ஏவிலும் நொதியமோ, ஈரமும் வெப்பமுமோ இழையை அறுத்துவிடுகின்றன. கொழும்பு வெக்கையில் காயாத இரத்தக்கறைத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டி அனுப்பினால் (காயவைத்துக் கடதாசி உறையில் போடுங்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும்!) நைந்துதான் வந்து சேரும். ஊதா மூடி இரத்த ரியூப்பில் ஈடிடிஏ என்ற இரசாயனம் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறோம். டிஎன்ஏவை வெட்டும் நொதியமான டிஎன்ஏஸுக்கு வேண்டிய மக்னீசியத்தை அது பிடித்துக்கொள்கிறது.

வினையாகவும் இது வளைகிறது: நைந்த மாதிரி, நையாத மாதிரி, அரைவாசி நைந்தது. இந்த வசதி அளவீடுகளில்தான் முக்கியம். தடயவியலில் சிறு துண்டின் செறிவைப் பெருந்துண்டின் செறிவால் வகுக்கிறோம், விடை ஏற ஏற மோசம். டேப்ஸ்டேஷன் (துண்டுகளின் நீளத்தைப் பார்க்கும் கருவி) தருகிற எண்ணோ 1 முதல் 10 வரை, 10 என்றால் முழுசாக இருக்கிறது. புதுசாக வருகிற பிள்ளைகள் இந்த எதிரெதிர்த் திசையில்தான் தடுமாறுகிறார்கள். முன்னதை 'நைவுச் சுட்டி', பின்னதை 'நையாமை எண்' என்றால் பெயரே திசை காட்டிவிடும். பின்னதற்கு 'ஒருமைப்பாட்டெண்' என்று தம்பி ஒருவர் போட்டிருந்தார். தம்பி, இந்த நாட்டில் அந்தச் சொல்லை ஜெல்லுக்குள் இழுக்க வேண்டாமே.

'மனம் நைதல்' ஞாபகம் வருகிறது, இலக்கிய வாசம் அடிக்கிறது என்று அக்கா எழுதியிருந்தார். வரட்டும் அக்கா, ஜெல் படத்தைப் பார்த்து யாரும் தேவாரம் பாடப் போவதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கே தயக்கம். செல் தானாகச் சாகும்போது டிஎன்ஏ கண்டபடி அறுவதில்லை, ஏறத்தாழ 180 மூலச்சோடிக்கு ஒரு வெட்டு என்று ஜெல்லில் ஏணிப்படிபோலத் தெரியும். அதையும் நைவு என்றால் இரண்டும் குழம்பும். அதற்கு 'துண்டாக்கம்' என்று தனியாக வைக்கலாமா? உயிரியல் படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்கள்.