தம்போபாட்டா ஆறு: ராஃப்ட் (காற்றடைத்த படகு) ஒட்டும் பசை எங்கே கிடைக்கும்?

வணக்கம். பெருவில் தம்போபாட்டா ஆற்றில் ஜூலையில் இறங்கும் 12 மாணவர்களுக்காகக் கேட்கிறோம். சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹுலியாக்காவிலிருந்து வண்டியில் புட்டினா புங்கோ. பிறகு ராஃப்டில் பஹுவாஹா-சோனெனே தேசியப் பூங்கா வழியாகப் புவெர்ட்டோ மால்டொனாடோ. காட்டுக்குள் சாலை கிடையாது, கிழிந்தால் நாமேதான் ஒட்டியாக வேண்டும்.

பிவிசி (பிளாஸ்டிக்) ராஃப்டை ஒட்டும் பசை தீப்பற்றும் திரவம், விமானத்தில் விடமாட்டார்கள். ஹுலியாக்காவிலோ குஸ்கோவிலோ கடினமாக்கியோடு வரும் இரண்டு பாகப் பசை அரை லிட்டர் எங்கே கிடைக்கும்? செருப்புப் பசையைச் சொல்லாதீர்கள். பிவிசியிலிருந்து கசியும் மென்மையாக்கி அதை இளக்கிவிடும், வெயிலில் ஒட்டு உரிந்து வரும்.

அடுத்தது ஈரம். பசை உலரும்போது பரப்பு குளிர்ந்து காட்டுக் காற்றின் ஈரம் படியும். வெள்ளையாகப் பூத்துவிட்டால் ஒட்டு நிற்காது. கிழிசலைச் சுற்றி 5 செ.மீ. கூடுதலாகத் துண்டு வெட்டி, தார்ப்பாய்க்கு அடியில் மெல்லிசாக இரண்டு பூச்சு பூசுவதாகத் திட்டம். அடுப்பு நெருப்பை அருகில் கொண்டுபோக முடியாது. வேறு வழி உண்டா?

காலைக் குளிரில் 2.5 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்த ராஃப்டை மதியம் கரையில் காயவிட்டால், காற்று சூடாகி அழுத்தம் ஏறி, காற்றறைகளைப் பிரிக்கும் உள்தடுப்பு பிய்ந்துபோகலாம். கரையேறியதும் காற்றைக் கொஞ்சம் இறக்குவோம், அதில் குழப்பமில்லை.

மழைக்குப் பின் வரும் கலங்கல் நீர் குடிநீர் வடிகட்டியை அடைத்துவிடும். 20 லிட்டர் வாளிக்குப் படிகாரம் எவ்வளவு போடுகிறீர்கள், தெளிய எத்தனை மணி நேரம் ஆகிறது?