டிக்கி திறக்காத நேரம்: காங்கயம் மண்டப வாசலில் ஓர் அனுபவம்

கடந்த தை மாதம் மைத்துனரின் திருமணத்துக்காகக் கோவையிலிருந்து பல்லடம் வழியாகக் காங்கயம் சென்றோம். 11 ஆண்டுகள் ஓடிய செடான் கார். டிக்கிக்குள் பித்தளை அண்டா, இரண்டு குடங்கள், ஒரு தேங்காய் மூட்டை, இவை எல்லாவற்றுக்கும் மேலே மணமகனின் சகோதரி செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்கென்று என் மனைவி எடுத்து வைத்த சேலைப் பெட்டி. மூடி அமரவில்லை என்பதால் முழங்காலை வைத்து அழுத்திப் பூட்டினேன். தவறு அங்கேதான் நடந்தது.

மண்டப வாசலில் இறங்கி, ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் இருக்கும் லீவரை இழுத்தால், அது பாதி தூரம் வந்து கல்லாக நின்றுவிட்டது. சாவியைப் போட்டுத் திருகினேன், அதுவும் அசையவில்லை. உள்ளே சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீருக்கு அழைத்துக்கொண்டிருக்க, மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டாம். மாமனார் அருகில் வந்து, "மாப்ள, ஸ்க்ரூடிரைவர உட்டு நெம்பிப் பாக்கலாங்களா?" என்றார். நல்ல வேளையாக, சமையல் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்த டெம்போ ஓட்டுநர் ஒருவர் அதைத் தடுத்தார்.

"ஏனுங்கண்ணா, இழுக்கறப்ப லீவர் லொடலொடன்னு வருதுங்களா, இல்ல கெட்டியா நிக்குதுங்களா?"

கெட்டியாக நிற்கிறது என்றேன்.

"அப்ப கேபிள் நல்லாத்தானுங்க இருக்குது. உள்ள இருக்கற சாமான் மூடியத் தள்ளீட்டு நிக்குது. நான் அமுக்கறேன், நீங்க இழுங்க."

பூட்டுக்கு நேர் மேலே இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடல் எடை முழுவதையும் இறக்கினார். லீவர் வெண்ணெய்யாக வந்தது. மூடி எழும்பியதும் பார்த்தால், உட்புறத்தில் அண்டாவின் விளிம்பு அரைவட்டமாகப் பதிந்திருந்தது. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது.

பிறகு அவரே விளக்கினார். பூட்டிலுள்ள கொக்கி ஒரு வளைகம்பியைக் கவ்வியிருக்கும். கொக்கி விலகிவிடாதபடி ஒரு சிறு பல் அதைத் தடுத்து நிற்கும். லீவரின் கேபிள் இழுப்பது அந்தப் பல்லைத்தான். சாமான் கீழிருந்து மூடியை உந்தும்போது கொக்கி பல்லின் மீது முழு பலத்தோடு அழுந்திவிடுவதால், கேபிளால் பல்லை நகர்த்த முடிவதில்லை. மேலிருந்து அழுத்தினால் அந்த இறுக்கம் தளர்கிறது. மாறாக, லீவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருந்தால் தகரம் வளைந்து, ரப்பர் பீடிங் கிழிந்து, அடுத்த மழைக்கு டிக்கி தொட்டியாகியிருக்கும்.

கோபியிலிருந்து ஒரு மறுமொழி

என்னுடைய கார் பொத்தானில் திறப்பது. அழுத்தினால் பின்னால் 'டக்' என்று மோட்டார் சத்தம் கேட்க வேண்டும். சென்ற ஐப்பசியில் அந்தச் சத்தமே நின்றுபோனது. ஃபியூஸை மாற்றியும் பயனில்லை. பின் இருக்கையின் சாய்மானத்தை மடக்கி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே தவழ்ந்து சென்றேன். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் தயாராகும் டிக்கி வைத்த கார்களில் உள்ளிருந்தே திறக்கும் விடுவிப்பான் கட்டாயம். அங்கே மகளின் காரில் இருட்டில் ஒளிரும் கைப்பிடியைப் பார்த்திருக்கிறேன். என் காரில் அப்படி எதுவும் இல்லாததால், பூட்டின் பக்கவாட்டிலிருந்த தகட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் தள்ளித் திறந்தேன்.

எலக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்வி, "நம்பர் பிளேட் லைட்டு எரியுதுங்களா?" என்பதுதான். அது ஒரு மாதமாகவே விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. அந்த லைட்டுக்கும் பூட்டுக்குமாக மூடிக்குச் செல்லும் ஒயர்கள் கீல் அருகே ஒரே ரப்பர் குழாய்க்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அங்கேதான் மடங்குகின்றன. ரப்பரை விலக்கி ஓர் ஒயரை மெதுவாக இழுத்துக் காட்டினார். மேலுறை முழுதாக இருந்தது, ஆனால் இழுத்த இடத்தில் ரப்பர் பேண்டைப் போல நீண்டது; உள்ளே செம்பு அறுந்திருந்தது. சற்றுத் தொய்வு விட்டுப் புது ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

பொள்ளாச்சியிலிருந்து இன்னொரு மறுமொழி

கை மாறி வந்த காரை வாங்கிய முதல் வாரத்தில், லீவர் மேலே எழும்பவே இல்லை என்று கேபிளை மாற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சாவியைக் கேட்டார். லீவரிலேயே ஒரு சாவித்துளை இருந்திருக்கிறது. காரைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது டிக்கியை மட்டும் தனியாகப் பூட்டிவைக்கும் வசதியாம். பழைய உரிமையாளர் பூட்டிவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறார். மெக்கானிக் காசு வாங்க மறுத்துவிட்டதால், இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.