1924இல் ஓய்வுபெற்ற மெட்ராஸ் ஹார்பர் இன்ஸ்பெக்டர்: பணி வரலாற்றை எங்கே தேடுவது?

படகுத்துறை (கேள்வி)
உள்ளூர் வரலாற்று இதழ் ஒன்றுக்காக, மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு போலீஸ் அதிகாரியின் வாழ்க்கைக் குறிப்பைத் தயாரிக்க வேண்டும். கையில் இருப்பவை: இனிஷியலோடு பெயர், பின்பக்கம் "ஹார்பர் இன்ஸ்பெக்டர்" என்று எழுதிய ஒரு புகைப்படம், ஓய்வுபெற்ற ஆண்டு 1924. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் துறையின் ஜி.ஓ.க்களை (அரசாணைகளை) கேட்க வேண்டும்? அவர்களுடைய அன்றாட வேலை என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஃபைல்
சார், முதலில் அவர் போலீஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அந்தக் காலத்தில் ஹார்பருக்குள் சீருடை போட்டவர்கள் எல்லாரும் போலீஸ் கமிஷனரின் ஆட்கள் இல்லை. நகரப் போலீஸ் 1888ஆம் வருடச் சட்டத்தின்கீழ் கமிஷனருக்குக் கட்டுப்பட்டது. கப்பலில் ஏறி சரக்கைக் கண்காணித்த கஸ்டம்ஸ் பிரிவென்டிவ் (கடத்தல் தடுப்பு) ஆட்கள் 1878 கடல் சுங்கச் சட்டத்தின்படி வேலை செய்தவர்கள். துறைமுகத்தை நிர்வகித்த போர்ட் டிரஸ்டுக்குச் சொந்தக் காவலாளிகள் உண்டு. போர்ட் ஆபீசரின் ஊழியர்கள் இன்னொரு பக்கம். வீட்டில் எல்லாரையும் "ஹார்பர் போலீஸ்" என்றே சொல்லியிருப்பார்கள்.

இதைப் புகைப்படமே காட்டிக்கொடுக்கும். 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் எடுத்து, தொப்பி பேட்ஜ், பெல்ட் பக்கிள், தோள்பட்டை எழுத்து மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தைவிட பக்கிள் முக்கியம்.

போலீஸ் என்றால் 1920 வரை ஜுடீஷியல் துறை ஜி.ஓ.க்கள். கஸ்டம்ஸ் என்றால் ஜி.ஓ.வில் தேடி நாளை வீணாக்காதீர்கள். ரெவின்யூ போர்டின் 'செபரேட் ரெவின்யூ' நடவடிக்கைகளைக் கேளுங்கள், அங்கே பி.பி. எண் (போர்டு புரொசீடிங்ஸ் எண்) என்று இருக்கும். போர்ட் ஆபீசரின் ஆள் என்றால் மரைன் துறை. டிரஸ்ட் ஊழியர் என்றால் 1905 போர்ட் டிரஸ்ட் சட்டத்துக்குப் பிந்தைய டிரஸ்டின் ஆண்டறிக்கைகள்.

இண்டெக்ஸ்வாசி
மேலே சொன்னது சரி. போலீஸ் என்றே வைத்துக்கொண்டு தேடும் வழியைச் சொல்கிறேன்.

55 வயதில் ஓய்வு என்பது பொது விதி. 1924இல் 55ஐக் கழித்தால் பிறப்பு 1869 வாக்கில், சேர்ந்தது 1889–94க்குள் இருக்கலாம். பணி நீட்டிப்பு வாங்கியிருந்தால் பிறந்த வருடம் இன்னும் முன்னால் போகும்.

இன்ஸ்பெக்டர் கெசட்டட் அதிகாரி இல்லை. ஆகவே செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டிலும் (மெட்ராஸ் அரசிதழ்) அதிகாரிகளின் பணி வரலாறு அடங்கிய 'ஹிஸ்டரி ஆஃப் சர்வீசஸ்' தொகுதிகளிலும் பெயர் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். இப்படிப்பட்டவர்களின் பெயர் ஜி.ஓ.வில் ஏறுவது பென்ஷன், வெகுமதி, தண்டனையை எதிர்த்த அப்பீல், பதக்கச் சிபாரிசு போன்ற சமயங்களில்தான். அப்பீல் ஃபைல் கிடைத்தால் அதுதான் புதையல். அதுவரை பார்த்த வேலை முழுவதையும் மனுவிலேயே எழுதியிருப்பார்கள். கிங்ஸ் போலீஸ் மெடல் 1909இல் ஏற்படுத்தப்பட்டது, அதற்கு முன் அதைத் தேடிப் பயனில்லை.

ஆண்டு இண்டெக்ஸில் இனிஷியலை வைத்துத் தேடாதீர்கள். நாயுடு, பிள்ளை, முதலியார் என்று பின்னொட்டின்கீழ் அடுக்கியிருப்பார்கள், அதிலும் எழுத்துக்கூட்டல் வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று நான்கு வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். ராவ் சாகிப், கான் சாகிப் பட்டம் கிடைத்திருந்தால் அதற்குப் பிந்தைய வருடங்களில் பட்டத்தோடும் பாருங்கள். 1920–21 அரசாட்சிச் சீர்திருத்தத்தையொட்டித் துறைகள் மாறியதால், 1924 பென்ஷனுக்கு லா, பப்ளிக் இண்டெக்ஸ்களையும் புரட்டுங்கள். காப்பகத்தில் ஃபைல் கேட்டு எழுதும் சீட்டில் எண், துறை, தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் ஃபைல் வராது.

பதவிப் பெயரிலும் கவனம் தேவை. சப்-இன்ஸ்பெக்டர் என்பது போலீஸ் சீர்திருத்தத்தை ஆராய்ந்த 1902–03 பிரேசர் கமிஷனுக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் ஸ்டேஷன் பொறுப்பில் இருந்தவர் ஹெட் கான்ஸ்டபிள்தான். பழைய ஆவணத்தில் ஹெட் கான்ஸ்டபிள் என்று இருந்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆங்கிலோ-இந்தியர் என்றால் பிரிட்டிஷ் லைப்ரரியின் என்/2 வரிசையில் மெட்ராஸ் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் இருக்கின்றன. கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைப் பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள்.

வடக்குக்கடற்கரை
அன்றாட வேலையைப் பற்றி. துறைமுகமே அவர் கண்முன்னால் மாறியது. கிழக்கு நோக்கி இருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் திறந்தது பிரான்சிஸ் ஸ்ப்ரிங் டிரஸ்ட் தலைவராக இருந்த காலத்தில் (1904–1919). அதற்கு முன் கப்பல் நடுவில் மிதவையில் கட்டி நிற்கும், சரக்கு படகில் கரைக்கு வரும். திருட்டு வழக்கின் சிக்கல் இங்கேதான். மூட்டை குறைந்தது கப்பலிலா, படகிலா, கரையிலா, ஷெட்டிலா? தையலைப் பிரித்து அரிசியை எடுத்துவிட்டு அதே ஓட்டையில் மறுபடி தைத்துவிட்டால் எண்ணிக்கை சரியாக இருக்கும், எடைதான் குறையும். எண்ணிக்கை மட்டும் எழுதிய சீட்டை வைத்து யார் பொறுப்பு என்று நிரூபிக்க முடியாது. கையெழுத்து மாறிய ஒவ்வொரு இடத்திலும் எடை போட்டிருந்தால்தான் வழக்கு நிற்கும்.

அடுத்தது பயணிகள். ரங்கூன் கப்பல்களில் டெக் (மேல்தளத்தில் போகும்) பயணிகள் ஏறும் நாளில் ஜேப்படி, டிக்கெட் புரோக்கர், கூட்ட நெரிசல். பர்மா 1937 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் அங்கே போக பாஸ்போர்ட் கேள்வியே இல்லை. அதனால் பயணிப் பட்டியலில் பெயர்ச் சோதனை பற்றித் தேடினால் பினாங்கு, சிங்கப்பூர் கப்பல்கள் பக்கம் பாருங்கள், அதுவும் இந்தியாவுக்குள் வருபவர்களைக் கட்டுப்படுத்திய 1914 செப்டம்பர் அவசரச் சட்டத்துக்குப் பிறகு.

கட்டுரைக்கு நீங்கள் விடக்கூடாத தேதி 22 செப்டம்பர் 1914. அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சுப்ரா கப்பலும் அடிபட்டது. அவர் அப்போது ஹார்பரில் பொறுப்பில் இருந்தாரா என்பதை 1914, 1915 ஜுடீஷியல் இண்டெக்ஸ்களில் வெகுமதி என்ற தலைப்பில் முதலில் பாருங்கள்.

படகுத்துறை
நன்றி. பக்கிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன், போலீஸ் என்ற எழுத்து தெளிவாக இருக்கிறது. காப்பகத்தில் புதிதாகப் போகிறவர் என்ன கொண்டுபோக வேண்டும்?

இண்டெக்ஸ்வாசி
அடையாள அட்டை, இதழின் லெட்டர்ஹெட்டில் ஆய்வுத் தலைப்பையும் காலத்தையும் குறிப்பிட்ட ஒரு கடிதம், பென்சில். காலத்தை "1889–1925" என்று அகலமாகவே எழுதுங்கள். குறுக்கி எழுதிவிட்டால், பிறகு முந்தைய வருட ஃபைல் ஒன்று தேவைப்படும்போது மறுபடி அனுமதிக்கு நிற்க வேண்டியிருக்கும். 1924, 1925 பென்ஷனில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போங்கள்.