தெரிவிளக்கு: மிதிவண்டிக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். மிதிவண்டி சாலையில் இருப்பதைப் பிறருக்குக் காட்டும் விளக்குக்கு ஒரு தமிழ்க் கலைச்சொல்லும் அதற்கான வரையறையும் நம் மடல்களில் தேடி வருகிறோம்.

மிதிவண்டியில் பொருத்தும் சிறு விளக்குக்குப் 'பாதுகாப்பு விளக்கு' என்ற சொல்லே போதும் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாசலில் விடிய விடிய எரியும் பல்பும் பாதுகாப்பு விளக்குதான். மிதிவண்டிக்கு விளக்கு தேவைப்படுவது இரண்டு வேலைகளுக்கு: ஓட்டுபவர் பள்ளம் மேடு பார்ப்பதற்கு ஒன்று, அவர் சாலையில் இருப்பது பிறர் கண்ணில் படுவதற்கு மற்றொன்று. இரண்டாவதற்குத்தான் சொல் தேடுகிறோம். இது பின்னால் சிவப்பாகவும் முன்னால் வெள்ளையாகவும் எரிவதால் 'பின்விளக்கு' என்பதும் பொருந்தாது.

நான் முன்வைக்கும் சொல் 'தெரிவிளக்கு'. இது கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் காதில் விழுந்த பேச்சிலிருந்து கிடைத்தது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 744-இல், எஸ் வளைவுக்குக் கீழே, சாரல் விழும் ஒரு விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பால்காரரின் மிதிவண்டியை உரசுவதுபோல் வந்து ஒரு லாரி நின்றது. இறங்கிய ஓட்டுநர் பதறிப்போய், "அண்ணாச்சி, ஆளே தெரியலை" என்றார். பின்னால் வந்த கேரள வண்டிக்காரரும் "ஆளெ கண்டில்ல" என்று அதையே சொன்னார். மலையாளத்தின் அந்தக் 'காண்' பார்ப்பவர் செய்யும் வினை. நம் 'தெரி'யில் எழுவாய் பார்க்கப்படுபவர். நமக்கு வேண்டிய விளக்கும் பார்க்கப்படுபவருடையது. இன்னொரு நண்பர் சொன்ன 'காட்டுவிளக்கு' இலக்கணப்படி சரியானதே. ஆனால் மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு அது வனத்துறை விளக்காகத்தான் ஒலிக்கும். 'தெரிவிளக்கு' வினைத்தொகை, உள்ளே 'தெரிவி' என்ற ஏவலும் ஒலிப்பதை ஊதியமாகக் கொள்ளலாம்.

அந்தப் பால்காரரின் வண்டியில் விளக்கு இல்லாமலில்லை. இருக்கைத் தண்டில் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கேரியரின் இருபுறமும் தொங்கிய பால் கேன்களும் மேலே போர்த்திய சாக்கும் அதை முழுக்க மறைத்திருந்தன. பின்னர் அதை மட்கார்டின் நுனிக்கு இறக்கிக் கட்டினோம். ஆகவே தெரிவிளக்கின் வரையறையில் 'சுமையால் மறைக்கப்படாத இடத்தில்' என்ற தொடரும் இடம்பெற வேண்டும்.

சிவப்புப் பிளாஸ்டிக் பிரதிபலிப்பானையும் இதே சொல்லுக்குள் அடக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, கூடாது என்பதே. தெரிவிளக்கு தானே எரிவது. பிரதிபலிப்பானோ பிற வண்டியின் வெளிச்சத்தைக் கடன் வாங்குவது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட குழிகள் நிறைந்த அதன் பரப்பு, கண்ணாடியைப் போல் ஒளியை வேறு பக்கம் தெறிக்கவிடாமல், வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. முகப்பு விளக்குக்குச் சற்று மேலேதான் ஓட்டுநரின் கண் இருப்பதால் அது அவருக்குப் பளிச்சிடுகிறது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு மங்கலாக இருந்தாலோ, பிரதிபலிப்பானில் சேறு அப்பியிருந்தாலோ பயனில்லை. இதற்கு 'மீளொளிப்பான்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். பழைய டைனமோ விளக்கு மூன்றாவது வகை: வண்டி நின்றதும் அதுவும் அணைந்துவிடும். பின்னாளில் மின்தேக்கி வைத்து, நின்ற பிறகும் சில நிமிடங்கள் எரியும்படி செய்தார்கள்.

மற்றொரு பரிந்துரையான 'மின்மினி விளக்கு' அழகான சொல்தான், ஆனால் சிமிட்டுவது இவ்விளக்கின் இலக்கணம் அன்று. பிரிட்டனில் 2005 முதல் நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை சிமிட்டும் மிதிவண்டி விளக்குகளுக்கு அனுமதி உண்டு. ஜெர்மனியின் விதிகளோ சிமிட்டும் பின்விளக்கை ஏற்பதில்லை. சிமிட்டல் கவனத்தை இழுக்கும்; ஆனால் இருட்டில் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். அவ்வகையை மட்டும் 'சிமிட்டு தெரிவிளக்கு' என்று அடைகொடுத்து அழைக்கலாம்.

ஒரே ஒரு தயக்கம். இலங்கைத் தமிழில் 'தெரிவு' என்பது தேர்ந்தெடுத்தலைக் குறிப்பதால், 'தெரிவிளக்கு' அங்குள்ள நண்பர்களின் காதில் எப்படி விழுகிறது என்பதை அவர்களே எழுத வேண்டுகிறேன்.