வாக்காளர் சார்பு இடம் மாறுவதற்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

வாக்காளர்கள் பெருந்திரளாக ஒரு கட்சியின் சார்பை விட்டு இன்னொன்றின் சார்பில் நிலைப்பதை ஆங்கிலத்தில் ‘ரீஅலைன்மென்ட்’ என்பார்கள். அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட ‘அணிமாற்றம்’, ‘மறுசீரமைப்பு’ ஆகிய இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இளைஞர் அணி, மகளிர் அணி, அதிருப்தி அணி என்று ‘அணி’ கட்சிக்குள்ளேயே தேய்ந்துவிட்டது. ‘அணி மாறினார்’ என்றால் ஒரு சட்டமன்ற உறுப்பினர்தான் நினைவுக்கு வருவார். மறுசீரமைப்பைத் தொகுதி எல்லை வரைவோர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். நாம் குறிக்க வேண்டியது தலைவர்களின் நகர்வை அன்று, வாக்காளர்களின் நகர்வை.

மேற்கு வங்கத்தை வைத்து இதைச் சோதிக்கலாம். மார்க்சிஸ்ட் கட்சி தலைமையில் 1977 முதல் 34 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட இடது முன்னணி, 2006 சட்டமன்றத் தேர்தலில் 294 இடங்களில் 235ஐ வென்று, 2011இல் 62க்கு இறங்கியது. ஆட்சி போனாலும் வாக்கு 40 விழுக்காட்டை ஒட்டியே நின்றதால் அதைத் தோல்வி என்பதே போதும். 2016இல் மார்க்சிஸ்ட் கட்சி காங்கிரசுடன் தொகுதி உடன்பாடு கண்டது கூட்டணி மாற்றம்; அதற்கும் புதுச்சொல் வேண்டாம். மக்களவைத் தேர்தல்களில் நிகழ்ந்ததுதான் வேறு வகை: 2014இல் ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்ற இடது முன்னணி 2019இல் 8 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது, அதே இடைவெளியில் பா.ஜ.க. 17இலிருந்து 40 விழுக்காட்டுக்கு ஏறியது. அப்போது மாநிலத்தை ஆண்ட திரிணாமூல் காங்கிரசின் வாக்கோ குறையவில்லை, கூடியது.

இதற்கு ‘சார்புப் பெயர்ச்சி’ என்பதை முன்மொழிகிறேன். ஓரிடம் விட்டு இன்னோரிடம் சேர்வது ‘பெயர்ச்சி’யில் அடங்கியிருக்கிறது, ‘சார்பு பெயர்ந்தது’ என்று வினையாகவும் எழுதலாம். ராசிபலன் வாடை அடிக்கிறது என்பீர்கள். அடிக்கட்டும், அந்தப் பழக்கத்தால்தான் சொல் எல்லார்க்கும் விளங்கும்.

எந்தக் கட்சியிலும் ஒட்டாமல் பற்று குறைவதாகிய ‘டீஅலைன்மென்ட்’டுக்குச் ‘சார்புத் தளர்வு’ என்று தனிச்சொல் கொள்ளலாம். ஒரே தேர்தலை வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்; போன வாக்கு புதிய இடத்தில் நிலைக்குமா, திரும்புமா என்பது உடனே தெரியாது. ‘முதலில் ராம், பிறகு இடது’ (இப்போது பா.ஜ.க.வுக்கு வாக்கு, பின்னர் இடதுசாரிகளுக்கு) என்ற பேச்சு 2019இல் வங்க இடதுசாரி ஆதரவாளர்களிடையே உலவியதாகச் செய்திகள் வந்தன. அதை நம்பியிருந்தால் அன்று நடந்ததைத் தற்காலிகக் கைமாற்று என்றே கருதியிருப்போம். ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலிலும் 2024 மக்களவைத் தேர்தலிலும் இடது முன்னணிக்கு அம்மாநிலத்தில் ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆகையால் வரையறையில் ‘ஒன்றுக்கு மேற்பட்ட தேர்தல்களில் நிலைத்த’ என்ற அடையைச் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ‘கட்சிச் சார்புப் பெயர்ச்சி’ என்று நீட்ட விரும்புவோர் காரணத்துடன் எழுதவும்.